கோட்டை போயிற்று, கடைவீதி நின்றது

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் சங்க இலக்கியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். தலைப்பை மாற்றிக்கொள்ள இசைவு வேண்டினேன். அவர் மறுக்கவில்லை. மாற்றத்திற்குக் காரணம் ஒரு சிறு நூல். என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி மணமாகி இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் வாழ்கிறாள். வாரச் சந்தையால் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரின் வரலாற்றைச் சொல்லும் முப்பது பக்கக் கையேடு ஒன்றை அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். சந்தை கூட அரசர் உரிமை வழங்கிய செய்தி, சந்தைத் திடலில் நிற்கும் கற்சிலுவை, தேவாலய மணி, மணிக்கூண்டு, போரில் மாண்டோர் நினைவுக்கல், பழைய விடுதி ஆகிய யாவும் அதில் நிரலாக எழுதப்பட்டிருந்தன. அந்நாட்டில் சில ஊர்ப் பெயர்களின் முன்னால் 'சிப்பிங்' என்றொரு சொல் நிற்கும். பழைய ஆங்கிலத்தில் அது சந்தையைக் குறித்த சொல். வழக்கொழிந்த சொல்லையும் ஊர்ப்பெயரில் காத்து, அதன் பொருளைக் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நூலுடன் வந்த கடிதத்தின் இறுதியில் மாணவி ஒரு வரி எழுதியிருந்தாள். "அம்மா, நம் திருச்சிக்கு இப்படி ஒரு புத்தகம் இருந்தால் அனுப்புங்கள், இங்குள்ளவர்களுக்குக் காட்ட வேண்டும்." கோயில்களைப் பற்றிய நூல்கள் என் வீட்டில் அடுக்கடுக்காக உள்ளன. தலபுராணங்கள் உள்ளன. கல்வெட்டுத் தொகுதிகளும் உள்ளன. ஆனால் கடைவீதியைப் பற்றி, சந்தையைப் பற்றி அவளுக்கு அனுப்ப என்னிடம் ஒரு தாளும் இல்லை. அந்த வெறுங்கையோடுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

மண்மாரிக்கு முன்னும் பின்னும்

நம் ஊரின் கதை உறையூரில் தொடங்குகிறது. முற்காலச் சோழரின் தலைநகர் அது. யானையைக் கோழி பொருது வென்ற இடம் என்னும் கதையால் கோழியூர் என்றும் பெயர் பெற்றது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரைக்குச் செல்லும் வழியில் இவ்வூரைக் கடந்தனர் என்பதை நாம் அறிவோம். அரசரையும் அறங்கூறவையத்தையும் வைத்தே உறையூரைப் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் கடல் கடந்த நாட்டினர் இவ்வூரை அறிந்தது துணியால். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வணிகக் கையேடு 'அர்கரு' என்னும் இடத்திலிருந்து வரும் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. அர்கரு என்பது உறையூரே என்பது அறிஞர் துணிபு. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1960களில் இங்கு நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டி ஒன்றின் எச்சமும் வெளிப்பட்டது. பேரேட்டில் எழுதப்பட்டதை மண்ணும் சான்றளித்தது எனலாம்.

இனித் தலபுராணத்திற்கு வருவோம். சாரமா முனிவர் இறைவனுக்கென வளர்த்த செவ்வந்தி மலர்களை வணிகன் ஒருவன் களவாடி அரசனிடம் கொடுத்தான். முறையிட்ட முனிவருக்குச் சோழன் நீதி வழங்கவில்லை. இறைவன் சினம் மண்மாரியாய்ப் பொழிந்து உறையூர் புதைந்தது. தாயுமானவர் கதை நீங்கள் அறிந்ததே. வணிகர் குலத்துப் பெண்ணொருத்தி இரத்தினாவதி. பேறுகால வேளையில் உடனிருக்கப் புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்டாள். இறைவனே தாயாய் வந்து மகப்பேறு பார்த்தான். இவ்விரு கதைகளையும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒன்றில் வணிகன் ஊரை அழிக்கிறான், மற்றொன்றில் வணிகப் பெண்ணுக்காக இறைவன் இறங்கி வருகிறான் என்பதை இவ்வுரைக்காகக் குறிப்பெடுத்தபோதுதான் உணர்ந்தேன். நம் ஊரின் தொன்மங்களிலேயே கடைவீதி இடம்பெற்றிருக்கிறது. நாம்தான் அதைப் பார்க்கத் தவறினோம்.

மலைமேல் ஏறினால் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் உள்ளது. மலையடிவாரத்தில் பாண்டியர் குடைவரை உள்ளது. மகேந்திரன் கல்லில் பொறித்த வடமொழிச் செய்யுட்களில் காவிரி பாடப்படுகிறது. நம் ஊரைப் பற்றிய கவிதை ஒன்று கல்லேறி ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஆகின்றன. அதை எழுதுவித்தவன் அரசன். உச்சிப் பிள்ளையார் கோயில் வரை நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி ஊரைக் காண்பது நம் வழக்கம். இன்று நான் உங்களைப் படியிறங்கி வருமாறு அழைக்கிறேன்.

அரணும் அகழியும்

மலையைச் சுற்றிக் கோட்டையும் அதனருகே தெப்பக்குளமும் நாயக்கர் காலத்தில் உருவாயின. பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்களின் தலைநகரம் சில காலம் மதுரையிலும் சில காலம் திருச்சியிலுமாக மாறி மாறி இருந்தது. சொக்கநாத நாயக்கர் மீண்டும் திருச்சியைத் தலைநகராக்கினார். இராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை இங்கிருந்து ஆண்டார். அவர்கள் அரண்மனையின் எஞ்சிய மண்டபம் இன்று அரசு அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. அரசி மீனாட்சியோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. பின்னர் ஆற்காட்டு நவாபுப் பதவிக்கான போட்டியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இக்கோட்டைக்காக மோதினர். 1751, 1752 ஆண்டுகளில் கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1752இல் திருவரங்கத்தில் தங்கியிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். தெப்பக்குளக் கரையில் உள்ள ஒரு பழைய வீடு கிளைவ் தங்கிய வீடாக இன்றும் சுட்டப்படுகிறது.

இவையெல்லாம் பாடநூல்கள் சொல்வன. பாடநூல் சொல்லாத ஒன்றைத் தெருப் பெயர்கள் சொல்கின்றன. 1866இல் நகராட்சி அமைந்தது. அதை ஒட்டிய காலத்தில் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டன. அகழி தூர்க்கப்பட்டது. தூர்த்த அகழியின்மேல் சாலை அமைத்து அதற்கு ஆங்கிலேயர் 'பூலவார்டு' என்று பெயரிட்டனர். மரநிழல் சாலை என்பது அச்சொல்லின் பொருள். நம் மக்கள் அதைப் 'புலிவார்டு' ஆக்கினார்கள். மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு என்று இன்றும் சொல்கிறோம். அங்கே புலி எங்கிருந்து வந்தது என்று சிறு வயதில் நான் என் தந்தையாரைக் கேட்டதுண்டு. "மலைக்கோட்டையிலேர்ந்து இறங்கி வந்திருக்கும்மா" என்றார் அவர். மேலரண் சாலை, கீழரண் சாலை என்னும் பெயர்களும் நம்மிடையே உண்டு. அரண் என்னும் சங்கச் சொல் பேருந்து நிறுத்தத்தின் பக்கத்தில் நிற்கிறது. சுவர் இல்லை, சொல் இருக்கிறது. கோட்டையின் மேற்கு வாயிலாகிய மெயின்கார்டு கேட் மட்டும், காவல் காக்க எதுவும் இல்லாமல், கடைகளுக்கு நடுவே எஞ்சி நிற்கிறது.

கோட்டை போயிற்று. ஆனால் கோட்டைக்குள் இருந்த கடைவீதி போகவில்லை. பெரிய கடை வீதி, சின்னக் கடை வீதி என்னும் பெயர்களே ஊர் கடையைச் சுற்றி வளர்ந்ததற்குச் சான்று. நந்தி கோயில் தெரு, ஆண்டார் வீதி, வாணப்பட்டறைத் தெரு, மரக்கடை, வெல்லமண்டி சாலை என்று நடந்து செல்வது ஒரு நிகண்டைப் புரட்டுவது போன்றது. ஒவ்வொரு பெயரும் ஒரு பொருளை, ஒரு தொழிலை, ஒரு கூட்டத்தாரைச் சுட்டுகிறது. உறையூரில் நெசவும் சுருட்டுத் தொழிலும் வளர்ந்தன. திருச்சிச் சுருட்டு இலண்டன் வரை புகழ் பெற்றிருந்தது. 1887இல் வெளிவந்த செர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் கொலையாளியை அடையாளம் காண உதவியது திருச்சிச் சுருட்டின் சாம்பல். செயற்கை வைரங்களுக்குப் பட்டை தீட்டும் தொழிலும் இவ்வூருக்குப் பெயர் தந்தது. சிறு வீடுகளின் திண்ணைகளில் சாணைச் சக்கரத்தின் முன் குனிந்திருந்தோர் பலர். அவர்கள் கண்ணொளி அக்கல்லில் ஏறியது என்று ஒரு கவிஞர் எழுதலாம். எழுதப்பட்டதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைவீதியைச் சுற்றி எல்லாச் சமயத்தாரும் தத்தம் வழிபாட்டிடங்களை அமைத்துக்கொண்டனர். நத்தர்வலி தர்காவுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் வருகின்றனர். சுவார்ட்சு பாதிரியார் கட்டிய கிறித்து ஆலயம் 1766ஆம் ஆண்டினது. நாகப்பட்டினத்தில் 1844இல் தோன்றிய புனித வளனார் கல்லூரி 1883இல் இங்கு வந்தது. அதனருகே எழுந்த லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம் தெப்பக்குளத்து நீரில் மலைக்கோட்டையின் நிழலோடு சேர்ந்து விழுகிறது.

ஆற்றின் அக்கரை

காவிரியைக் கடந்தால் திருவரங்கம். அது ஊருக்குள் கோயில் கொண்ட இடமன்று, கோயிலுக்குள் ஊர் கொண்ட இடம். ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் மக்கள் வாழும் தெருக்கள். நெடுங்காலம் முற்றுப்பெறாமல் மொட்டையாய் நின்ற தெற்குக் கோபுரம் பதின்மூன்று நிலைகளுடன் 236 அடி உயரத்தில் 1987இல் முழுமை பெற்றது. அங்கும் வழிபாடும் வணிகமும் பிரிந்து நிற்கவில்லை. சாத்தார வீதியின் பூச்சந்தையில் விடியுமுன் கொட்டப்படும் மலர்கள், பொழுது புலர்வதற்குள் மாலையாகிச் சந்நிதிக்கும் மணவீட்டுக்கும் துக்கவீட்டுக்கும் பிரிகின்றன. சித்திரைத் தேருக்குச் சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் தம் நிலத்தில் விளைந்ததைக் காணிக்கையாக எடுத்து வருகின்றனர். பங்குனியில் நம்பெருமாள் ஆற்றைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். ஆண்டுக்கொரு முறை அக்கரைக்கும் இக்கரைக்கும் உறவு புதுப்பிக்கப்படுகிறது. சந்தை வண்டிகள் அவ்வுறவை நாள்தோறும் புதுப்பிக்கின்றன. அக்கரைத் தோட்டத்து வாழைத்தார் இக்கரை மண்டிக்கு வருகிறது. இக்கரை மண்டியின் வெல்லம் அக்கரை மடைப்பள்ளிக்குப் போகிறது. உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் அரங்கனைக் காவிரிக் கரையில் நின்றே பாடினார் என்பது வைணவ மரபு. இரண்டு கரைகளுக்கும் நடுவே நின்று பாடிய ஒருவரை நம் ஊர்க் கவிஞர்களுக்கு முன்னோடியாகக் கொள்வது பொருத்தமேயாகும்.

சந்தையின் இரவு

கோட்டைச் சுவர்கள் வீழ்ந்த அதே காலத்தில், 1868இல், இன்று காந்தி மார்க்கெட் என வழங்கும் சந்தை தொடங்கப்பட்டது. 1927இல் அது விரிவாக்கப்பட்டது. அருகே வெங்காய மண்டி, வாழைக்காய் மண்டி, பூக்கடை, மீன்கடை, தானியக் கடைகள் வளர்ந்தன. மதுரைக்காஞ்சி பகலங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது என்று நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அல்லங்காடியைக் காண மதுரைக்கோ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்போ செல்ல வேண்டியதில்லை. ஊர் உறங்கிய பின் நம் சந்தை விழிக்கிறது. மலைக் காய்கள் ஒரு வழியாகவும், பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் ஒரு வழியாகவும், ஆற்றுப்படுகை வாழை ஒரு வழியாகவும் சரக்குந்துகளில் வந்து இறங்குகின்றன. மூட்டை தூக்குவோர் முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடுகின்றனர். மண்டிக்காரர் விலை கூற, சில்லறை வணிகர் எடுக்க, கணக்குப்பிள்ளை சிட்டையில் எழுத, கோழி கூவுமுன் ஊரின் ஒருநாள் உணவு பங்கிடப்பட்டு விடுகிறது. கூடைக்காரப் பெண்கள் தம் பங்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு முதல் பேருந்தைப் பிடிக்கச் செல்கின்றனர்.

அங்கு வழங்கும் தமிழைக் கேளுங்கள். வாழையைத் தாராலும் சீப்பாலும், வெற்றிலையைக் கவுளியாலும், பூவை முழத்தாலும் அளக்கின்றனர். என் பாட்டனார் காலத்தில் நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. 1956இல் சட்டம் இயற்றப்பட்டு, 1958 முதல் மெட்ரிக் அளவுகள் படிப்படியாக வந்து, 1962இல் கட்டாயமாயின. அது வேண்டிய சீர்திருத்தமே. ஊருக்கு ஊர் மாறிய அளவால் ஏமாற்றமடைந்தவர்கள் எளியவர்களே. ஆயினும் ஓர் அளவு மறையும்போது அதனோடு சேர்ந்து பழமொழியும் வசையும் கொஞ்சலும் மறைகின்றன. வீசை என்றால் என்ன என்று என் மாணவியரைக் கேட்டபோது, மீசைக்கு எதுகை என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு வருந்தினேன்.

என் தந்தையாரின் சிட்டை

இனி நான் சொல்லப்போவது என் சொந்தக் கதை. பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தந்தையார் வெங்காய மண்டி ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தார். இரவு பத்து மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுவார், காலை எட்டு மணிக்குத் திரும்புவார். அவர் சட்டையிலும் படுக்கையிலும் வெங்காய மணம் இருக்கும். பள்ளியில் தோழியர் கேட்டால் அப்பா கணக்கர் என்பேன். எங்கே என்று சொல்ல மாட்டேன். பின்னாளில் சங்க இலக்கிய நகரங்களில் வணிகம் என்னும் பொருளில் முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். புகாரின் பண்டங்களை வகைப்படுத்தினேன். மதுரைக் கூல வீதியை வரைபடமாக்கினேன். அந்த ஐந்தாண்டுகளில் ஒருநாளும் என் தந்தையாருடன் சந்தைக்குப் போனதில்லை. ஆய்வேட்டைப் படியெடுக்கும் செலவை மட்டும் அவர் தந்தார்.

நன்னூல் நடத்தும்போது குழூஉக்குறி என்னும் பகுதி வரும். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு பொருளுக்கு வேறு பெயர் இட்டு வழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர் என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. ஆண்டுதோறும் அதையே சொல்வேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "அம்மா, இப்போதும் யாராவது இப்படிப் பேசுகிறார்களா?" என்றாள். "இல்லை, வழக்கொழிந்துவிட்டது" என்று துணிந்து விடை கூறினேன்.

அன்று மாலை உணவு வேளையில் இதைத் தந்தையாரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வாங்க வந்தவர் எதிரில் நிற்கும்போது மண்டிக்காரர் தம் ஆளிடம் அடக்கவிலையைச் சொல்ல எண்களுக்கென்றே தனிச் சொற்கள் உண்டு என்றார். ஒன்று முதல் பத்து வரை சொல்லியும் காட்டினார். அவர் குரலில் அன்றைக்கு ஒரு துள்ளல் இருந்தது. "எழுதித் தாருங்களேன் அப்பா" என்றேன். "அதெல்லாம் கடப் பேச்சும்மா. காலேஜுல போயி யாராச்சும் சொல்லுவாங்களா?" என்றார். நானும் மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது.

அந்த மறுநாள் வரவேயில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவர் பெட்டியில் சிட்டைகள் சில இருந்தன. பக்க ஓரங்களில், ஒவ்வொரு சரக்கின் பெயருக்கும் நேரே, எண் இருக்க வேண்டிய இடத்தில் சொற்கள் எழுதப்பட்டுள்ளன. தமிழ் எழுத்துகள்தாம், தெளிவான கையெழுத்து. ஒரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியவில்லை. தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள், என்னைப் படிக்க வைத்தவரின் கையெழுத்தைப் படிக்க இயலாமல் இருக்கிறேன். அந்தச் சிட்டையுடன் சந்தைக்குச் சென்று கேட்டேன். முதியவர் ஒருவர் மூன்று சொற்களுக்குப் பொருள் சொன்னார். "மீதியெல்லாம் போன தலைமொறையோட போச்சும்மா, இப்பத்தான் எல்லாரும் செல்லுல தட்டிக் காட்டிடுறாங்களே" என்றார். மூன்றையும் எழுதிக்கொண்டேன். ஏழு சொற்கள் இன்னும் கிடைக்கவில்லை.

நாற்பத்தொருவர்

சந்தையின் முகப்பில் மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. முதல் உலகப் போரின் நினைவுச் சின்னம் அது. இவ்விடத்திலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு 302 பேர் சென்றனர், அவர்களில் 41 பேர் உயிர் நீத்தனர் என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. மணி பார்க்க அதை நிமிர்ந்து நோக்கியோர் ஆயிரமாயிரம் பேர். அக்கல்வெட்டைக் குனிந்து படித்தோர் எத்தனை பேர்? நானும் அண்மையில்தான் படித்தேன்.

போரில் வீழ்ந்தவனின் பெயரையும் அவன் செய்கையையும் கல்லில் பொறித்து மாலை சூட்டி வழிபட்டது நம் மரபு. நடுகல்லைக் காட்டாத புறப்பாட்டுத் தொகுப்பு இல்லை. இங்கோ எண்ணிக்கை இருக்கிறது. அந்த நாற்பத்தொருவர் எந்தத் தெருவினர், என்ன தொழிலினர், எவர் தந்தை, எவர் மகன் என்பதை அக்கல் சொல்லவில்லை. என் மாணவி அனுப்பிய ஆங்கிலச் சிற்றூரின் நூலில் மாண்டோர் பெயர்கள் அகர வரிசையில் அச்சிடப்பட்டுள்ளன. ரொட்டிக் கடைக்காரர் மகன், இலாயம் வைத்திருந்தவர் தம்பி என்ற குறிப்பும் உண்டு. அவர்களும் நம்மவரும் ஒரே போரில்தான் மாண்டனர்.

எழுத்தும் அங்காடியும்

கடைவீதிக்கும் கவிதைக்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் எண்ணலாம். நம் ஊர்ச் சான்றோரை எண்ணிப் பாருங்கள். தாயுமானவர் விசயரங்க சொக்கநாதர் அரண்மனையில் கணக்குப் பொறுப்பில் இருந்தவர் என்பது அவர் வரலாறு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவ்வூரில் வாழ்ந்து வளர்ந்து பிறகு மாயூரம் சென்றவர். உறையூருக்குப் புராணம் பாடியவர். தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் தந்த வேதநாயகம் பிள்ளை, திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்து இவ்வூர் நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணி தொடங்கியவர். சந்தையை அடுத்த வரகனேரியில் 1881இல் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் 1899இல் இவ்வூரில் புகையிலை வணிகக் குடும்பத்தில் தோன்றி 1994 வரை வாழ்ந்தவர். கடையில் அமர்ந்தபடியே தமிழுக்குத் தொண்டாற்ற முடியும் என்று காட்டியவர் அவர். இராசாசி 1930 ஏப்ரல் 13ஆம் நாள் வேதாரணியத்திற்கு உப்பெடுக்கப் புறப்பட்டதும் இவ்வூரிலிருந்தே. உப்பு என்பதும் ஒரு சந்தைச் சரக்குதானே!

இன்று சந்தைக்கே ஒரு பிரிவுக்காலம் வந்திருக்கிறது. நெருக்கடியைக் குறைக்கக் கள்ளிக்குடியில் புதிய வளாகம் கட்டி 2017இல் திறந்தனர். வணிகர்கள் பெரும்பாலும் அங்கே செல்லவில்லை. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் சந்தை மூடப்பட்டு, மொத்த வணிகம் பொன்மலைப் பக்கத்து ஜி கார்னர் திடலுக்கு மாறி, பல திங்கள் கழித்தே திரும்பியது. பஞ்சப்பூரில் 2025இல் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அங்கே ஒருங்கிணைந்த காய்கறிச் சந்தை அமைக்கவும் திட்டம் வகுக்கப்பட்டது. இடமாற்றம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. சரக்குந்து நுழைய இடமில்லாத தெருவில் மூட்டை சுமப்பவரின் முதுகுவலியை அறிந்த வீட்டில் பிறந்தவள் நான். பழமை என்பதற்காகவே சேற்றையும் நெரிசலையும் போற்ற என்னால் இயலாது. சுமப்பவருக்கு நல்ல தரையும், கூடைக்காரிக்கு நிழலும், கழிப்பறையும் கிடைக்குமாயின் சந்தை எங்கிருந்தாலும் வாழ்க.

ஆனால் கட்டடத்தைப் பெயர்த்து வேறிடத்தில் கட்டலாம், பேச்சை அவ்வாறு பெயர்க்க முடியாது. அகழியைத் தூர்த்தபோது அதில் நீர் இறைத்தவர் பாட்டை எவரும் எழுதி வைக்கவில்லை. வீசை போனபோது வீசைப் பேச்சை எவரும் தொகுக்கவில்லை. இப்போது மூன்றாம் முறை. இம்முறையாவது நம்மிடம் இலக்கிய வட்டம் ஒன்று இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

பத்தாண்டு மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். நிலவைப் பற்றி இருபத்தாறு கவிதைகள் உள்ளன. காவிரியைப் பற்றிப் பதினெட்டு. காந்தி மார்க்கெட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. இக்குறையில் எனக்கும் பங்குண்டு. அவ்விருபத்தாறில் இரண்டு நான் எழுதியவை.

ஆதலின் கவிஞர் பெருமக்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தெருவுக்குப் பெயர் வந்த வகை, அங்கிருந்த தொழில், அங்கு வழங்கும் சொற்கள், அங்குள்ள முதியவர் நினைவில் நிற்கும் செய்திகள் ஆகியவற்றை நான்கு பக்கம் எழுதுங்கள். கவிதையாக வருமாயின் கவிதையாக வரட்டும், இல்லையேல் உரைநடை போதும். சந்தையை நானே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அங்கே ஏழு சொற்கள் கடன் இருக்கின்றன. நாற்பத்தொருவர் பெயரைத் தேடும் பணியை வரலாற்றுத் துறை நண்பர் எவரேனும் ஏற்றால் அவருக்கு உதவ என் மாணவியர் சிலர் முன்வந்துள்ளனர். பதினோராம் ஆண்டு மலர் அவ்வாறு அமையுமாயின், அதன் முதற்படியை என் மாணவிக்கு அனுப்புவேன். எங்கள் ஊருக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது என்று அவள் அங்குள்ளவர்களிடம் காட்டட்டும்.

உங்களுள் எவர் வீட்டிலேனும் தந்தையாரோ பாட்டனாரோ கடையில் இருந்தவராயின், இன்றிரவு வீடு திரும்பியதும் அவரோடு சற்று நேரம் அமருங்கள். அவர் சொல்வதை அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.